ஆக்னஸ் பொக்கெல்ஸ் அம்மையார்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திற்கு அண்மையில் சிதறால் என்னும் சிற்றூர் உளது. அவ்வூர்க் குன்றினைப் பண்டையோர் திருச்சாரணத்து மலை என வழங்கினர். சமணச் சான்றோர் தவமும் கல்வியும் ஓம்பி வாழ்ந்த இடம் அது. அங்கே தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையின் முகத்தில் வரிசையாகச் செதுக்கப் பெற்றுள்ளன. அக்குன்றில் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளுள் ஒன்று ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தது. அரட்டநேமி படாரர் என்பாரின் மாணாக்கியராகிய குணந்தாங்கிக் குரத்தியார் அங்குப் பொன்னணி வழங்கிய செய்தியை அது கூறுகின்றது. குரத்தி என்பது சமணப் பெண் துறவியரைக் குறிக்கும் சொல். குரவர் என்னும் சொல்லுக்கு இணையாய் நின்று ஆசிரியை என்னும் பொருளையும் தருவது. ஒரு பெண்மணி இன்னாரிடம் கற்றார் என்பதனைக் கல்லிலே பொறித்துப் போற்றிய காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது.

அக்கல்வெட்டு எழுந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின், அறிவியலில் தலைசிறந்து விளங்கிய செருமனி நாட்டிலே, இயற்பியல் கற்க வேண்டும் என்று ஏங்கிய ஒரு பெண்ணுக்குப் பல்கலைக்கழகத்தின் வாயில் அடைபட்டுக் கிடந்தது. அப்பெண் மனம் ஒடிந்துவிடவில்லை. தம் வீட்டின் அடுக்களையையே ஆய்வுக்கூடம் ஆக்கிக்கொண்டார். அவர் அங்கு வகுத்த முறை, குருதியிலுள்ள சருக்கரையையும் யூரியாவையும் அளந்தறியும் நுண்கருவிகளின் ஆராய்ச்சிக்கு இன்றும் துணை நிற்கின்றது. அவரே ஆக்னஸ் பொக்கெல்ஸ் அம்மையார் ஆவர்.

ஆக்னஸ் 1862ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள் வெனிஸ் நகரில் பிறந்தார். இத்தாலியைச் சேர்ந்த அந்நகர் அக்காலத்தில் ஆஸ்திரிய அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் தியோடர் பொக்கெல்ஸ் ஆஸ்திரியப் படையில் பணியாற்றினார். வட இத்தாலியில் அந்நாளில் மலேரியாக் காய்ச்சல் மிகுதியாய்ப் பரவியிருந்தது. அந்நோய் தந்தையாரின் உடல்நலத்தைக் கெடுத்தது. ஆதலின் அவர் படைத்தொழிலினின்றும் உரிய காலத்திற்கு முன்பே ஓய்வு பெற்றார். 1871ஆம் ஆண்டில் குடும்பத்தினர் அனைவரும் செருமனியிலுள்ள பிரன்ஸ்விக் நகரிற் குடியேறினர். ஆக்னஸ் தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அந்நகரிலேயே கழித்தார்.

பிரன்ஸ்விக் நகர்ப் பெண்கள் பள்ளியிலே ஆக்னஸ் கல்வி பயின்றார். இயற்கைப் பொருள்களின் இயல்பை ஆராய்வதில் அவருக்கு இளமையிலேயே பேரார்வம் இருந்தது. இயற்பியலில் அது சாலவும் மிகுந்தது. ஆயினும் பள்ளிப் படிப்போடு அவர்தம் முறையான கல்வி முடிவுற்றது. அந்நாளில் செருமனிப் பல்கலைக்கழகங்கள் பெண்களை மாணவராகச் சேர்ப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் அந்நாட்டில் அவ்வாயில் பெண்களுக்கு நன்கு திறந்தது. ஆக்னஸின் தம்பி பிரெடரிக் மூன்றாண்டு இளையவர். அவர் ஆண்மகன் ஆதலின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து இயற்பியல் கற்றார். பின்னர்ப் புகழ் வாய்ந்த பேராசிரியரும் ஆனார். ஒரே வீட்டில் பிறந்து, ஒரே ஆர்வம் கொண்ட இருவருள் ஒருவர் பல்கலைக்கழகம் புக, மற்றவர் அடுக்களை புகுந்தார்.

நோயுற்ற பெற்றோரைப் பேணும் கடமை ஆக்னஸின் மேல் வந்து அமைந்தது. சமைத்தல், கலங்களைக் கழுவுதல், பெற்றோருக்கு மருந்தூட்டல் முதலிய வேலைகளிலேயே அவருடைய நாள்கள் கழிந்தன. தம்பியார் அன்பு மிக்கவர். தாம் கற்கும் நூல்களைத் தமக்கைக்கு அனுப்பி உதவினார். வீட்டு வேலை ஓய்ந்த வேளையில் ஆக்னஸ் அந்நூல்களைப் படித்துத் தாமே பொருள் உணர்ந்துகொண்டார்.

எண்ணெய்ப் பிசுக்குள்ள கலத்தை நீரில் இட்டால், அந்நீரின் மேல் மெல்லிய படலம் ஒன்று பரவுதலை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நாள்தோறும் காணும் பொருள் ஆதலின் நாம் அதனைப் பற்றி ஆராய்வதில்லை. ஆக்னஸ் ஆராய்ந்தார். தூய நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போன்று விறைப்புற்று நிற்கும். நீரின் துளி உருண்டு திரள்வதும், சிறு பூச்சிகள் நீர்மேல் மூழ்காமல் நடப்பதும் இவ்விறைப்பினால்தான். இதனைப் பரப்பு இழுவிசை என்பர். சிறிது எண்ணெயோ சவர்க்காரமோ கலந்தவுடன் இவ்விசை குறைகின்றது. எவ்வளவு கலந்தால் எவ்வளவு குறையும்? படிப்படியாகக் குறையுமா, ஒரே தாவலில் குறையுமா? இவ்வினாக்கள் அவ்விளம்பெண்ணின் உள்ளத்தில் எழுந்தன. அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ 18.

வினா எழுந்தால் மட்டும் போதாது. விடை காணக் கருவி வேண்டும். கருவி வாங்கப் பொருளும் இல்லை. வாங்கித் தருவாரும் இல்லை. ஆகவே அவரே ஒரு கருவியை அமைத்துக்கொண்டார். அது தகரத்தாலான ஒரு நீண்ட தொட்டி. அதன் நீளம் 70 சென்டிமீட்டர். அகலம் 5 சென்டிமீட்டர். உயரம் 2 சென்டிமீட்டர். அத்தொட்டியில் விளிம்பு தொடும்வரை நீரை நிரப்பினார். ஏறத்தாழ ஒன்றரைச் சென்டிமீட்டர் அகலமுள்ள தகரப்பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்தார். பட்டையின் அடிப்புறம் நீரைத் தொட்டு நின்று, நீர்ப்பரப்பை இரண்டாகப் பிரித்தது. பட்டையை இப்புறமும் அப்புறமும் நகர்த்தி, படலம் பரவியிருக்கும் இடத்தைத் தாம் விரும்பியவாறு சுருக்கவும் விரிக்கவும் அவரால் முடிந்தது. இழுவிசையை அளக்க ஒரு சிறு வட்டத்தகட்டை நீர்மேல் படியவைத்து, அதனைப் பிரித்தெடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்பதை ஓர் எளிய துலாக்கோலால் கண்டார். 1882ஆம் ஆண்டளவில் இக்கருவி உருப்பெற்றது. கல்லூரிப் படியையும் மிதியாத ஒரு பெண் தம் 20ஆம் வயதில் இதனை அமைத்தார் என்பது வியப்பன்றோ!

இக்கருவியால் அவர் கண்ட உண்மை பின்வருவது. படலத்திற்கு நிறைய இடம் இருக்கும்வரை நீரின் இழுவிசையில் பெரிய மாறுதல் நிகழ்வதில்லை. பட்டையை நகர்த்தி இடத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தால், ஒரு குறிப்பிட்ட எல்லையில் இழுவிசை விரைவாகக் குறையத் தொடங்குகின்றது. இதன் காரணத்தை ஓர் உவமையால் விளக்கலாம். மேய்ச்சல் நிலத்தில் ஆடுகள் சிதறி நிற்கும்போது ஒன்றையொன்று நெருக்குவதில்லை. தட்டியை நகர்த்தி அவற்றைப் பட்டிக்குள் ஒடுக்கினால், ஓர் எல்லையில் ஆட்டோடு ஆடு உரசி நிற்கும். அதற்குமேல் நெருக்கினால் எதிர்த்துத் தள்ளும். எண்ணெயின் மூலக்கூறுகளும் அவ்வாறே ஓர் எல்லையில் இடைவெளியின்றி நெருங்கி, ஒரே அடுக்காய் நிற்கின்றன. அந்நிலையில் அப்படலத்தின் கனம் ஒரு மூலக்கூற்றின் உயரமே. கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூற்றின் அளவை அறிவதற்கு அத்தகரத்தொட்டி வழி காட்டியது.

இத்துணைச் சிறந்த ஆய்வு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வெளியுலகிற்குத் தெரியாமலே கிடந்தது. அம்மையார் தாம் கண்டவற்றை ஒழுங்காகக் குறித்து வைத்தார். ஆனால் அவற்றை வெளியிட எந்த இதழும் முன்வரும் என்று அவர் எதிர்பார்ப்பதற்கு இல்லை. பட்டமும் பதவியும் இல்லாத ஒரு வீட்டுப் பெண்ணின் ஆய்வுக்குச் செவி சாய்ப்பார் யாவர்? அக்குறிப்புகள் அடுக்களையிலேயே மறைந்து போயிருத்தலும் கூடும்.

அந்நாளில் இங்கிலாந்தில் ராலே பிரபு என்னும் பேரறிஞர் இருந்தார். ஆர்கான் வாயுவைக் கண்டறிந்தமைக்காக 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர் அவரே. அவரும் நீர்மேல் எண்ணெய் பரவுதலை ஆராய்ந்து வந்தார். கற்பூரத் துணுக்குகளைத் தூய நீரில் இட்டால் அவை சுழன்று ஆடும்; எண்ணெய் சிறிது பட்டவுடன் ஆட்டம் நின்றுவிடும். அவ்வாறு நிறுத்துவதற்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்பதை அவர் 1890ஆம் ஆண்டில் அளந்து வெளியிட்டார். அச்செய்தி ஆக்னஸ் அம்மையாருக்கு எட்டியது. தாம் பத்தாண்டுகளாய்க் கண்டுவந்த உண்மைகளைத் தொகுத்து, 1891ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10ஆம் நாள், ராலே பிரபுவுக்குச் செருமன் மொழியில் ஒரு கடிதம் எழுதினார். அறிமுகம் இல்லாத ஒருவருக்கு, அதிலும் வேற்று நாட்டுப் பெரியவர் ஒருவருக்கு, 28 வயதுடைய பெண் எழுதிய அக்கடிதத்தில் பணிவும் இருந்தது. தம் ஆய்வில் ஐயமின்மையும் இருந்தது.

ராலே பிரபு அதனைப் புறக்கணிக்கவில்லை. அவருடைய துணைவியார் கடிதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தந்தார். எளிய வீட்டுக் கருவிகளைக் கொண்டே அப்பெண்மணி அரிய உண்மைகளைக் கண்டிருத்தலையும், தம் ஆய்வு செல்லும் வழியிலே அவர் தமக்கு முன்னரே நடந்திருத்தலையும் ராலே உணர்ந்தார். புகழ் முழுதும் தமக்கே உரியதாகுக என்று அவர் எண்ணியிருப்பின், கடிதத்தை மறைத்திருக்கலாம். அவரோ அதனை நேச்சர் என்னும் அறிவியல் இதழின் ஆசிரியர்க்கு அனுப்பி, வெளியிடுமாறு கேட்டுக்கொண்டார். 1891ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் அக்கடிதம் ஆக்னஸ் அம்மையாரின் பெயரோடு வெளிவந்தது. கண்டவர் பெருமையும், அதனை ஏற்றவர் பெருமையும் ஒருங்கே விளங்கிய நாள் அது.

அதன்பின் அம்மையார் மேலும் பல கட்டுரைகள் எழுதினார். நீர்மேல் எளிதிற் பரவாத பொருள்களைப் பென்சீன் என்னும் நீர்மத்திற் கரைத்து ஒரு துளி இட்டால், பென்சீன் ஆவியாகிவிடப் பொருள் மட்டும் மெல்லிய படலமாய் நிற்கும். இம்முறையையும் அவரே கையாண்டு காட்டினார். அளவறிந்து படலம் பரப்புவதற்கு இன்றும் இத்தகைய முறையே பயன்படுகின்றது. 1899ஆம் ஆண்டில் ராலே பிரபு, அம்மையார் கண்ட எல்லையில் உள்ள படலம் ஒரே மூலக்கூற்றின் கனமுடையது என்று விளக்கினார்.

எனினும் அவருடைய குடும்பக் கடமைகள் குறையவில்லை, மேலும் பெருகின. 1906ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். 1913ஆம் ஆண்டில் அன்புத் தம்பியாரும், அடுத்த ஆண்டில் தாயாரும் மறைந்தனர். தம்பியார் மறைந்தபின் புதிய நூல்களும் இதழ்களும் கிடைப்பது அரிதாயிற்று. உலகப் போர் மூண்டது. அம்மையாரின் உடல்நலமும் குன்றியது. ஆய்வு மெல்ல மெல்ல ஓய்ந்தது.

ஆயினும் அவர் இட்ட வித்து வேற்று நிலத்தில் முளைத்தது. அமெரிக்க நாட்டிலே இர்விங் லாங்மியூர் என்னும் அறிஞர், அம்மையார் வகுத்த தொட்டிமுறையைச் செப்பம் செய்து, 1917ஆம் ஆண்டில் மூலக்கூறுகளின் அளவையும் அவை நீர்மேல் நிற்கும் நிலையையும் விளக்கினார். பரப்பு வேதியியலில் அவர் செய்த ஆய்வுகளுக்காக 1932ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. அதே ஆண்டில் பிரன்ஸ்விக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆக்னஸ் அம்மையாருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. இளமையில் எந்நாட்டுப் பல்கலைக்கழக வாயில் அவருக்கு அடைபட்டிருந்ததோ, அந்நாட்டுப் பல்கலைக்கழகமே அவர்தம் 70ஆம் வயதில் அவரை அழைத்துப் பெருமை செய்தது. 1935ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள் அம்மையார் தம் 73ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

லாங்மியூரின் ஆய்வுக்கூடத்திலே கேதரின் பிளாட்ஜெட் என்னும் பெண்மணி பணியாற்றினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதற் பெண்மணி இவரே. அவர் அப்பட்டம் பெற்ற ஆண்டு 1926. நீர்மேல் நிற்கும் படலத்தைத் திடப்பொருளின்மேல் ஏற்றி, அடுக்கடுக்காய் அமைக்கும் முறையை இவர் வளர்த்து, 1935ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டார். கொழுப்பு அமிலத்தின் மூலக்கூற்றுக்கு நீரை விரும்பும் தலையும், நீரை வெறுக்கும் வாலும் உண்டு. அவை நெருங்கி நிற்கும் நீருள் ஒரு கண்ணாடித் தகட்டை மெல்ல அமிழ்த்தி எடுத்தால், ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஓர் அடுக்குத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். ஓர் அடுக்கின் கனம் ஏறத்தாழ இரண்டரை நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை நான்கு இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவே அது. எத்தனை அடுக்கு வேண்டுமோ அத்தனையையும் எண்ணி அமைக்கலாம் என்பதே இம்முறையின் தனிச்சிறப்பு.

இனி இப்படலத்திற்கும் நோயறியும் கருவிக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். உயிரினங்களின் உடலில் நொதிகள் என்னும் பொருள்கள் உள்ளன. நாம் உண்ட உணவு செரிப்பதும் நொதிகளால்தான். ஒவ்வொரு நொதியும் தனக்குரிய பொருளை மட்டுமே தேர்ந்து பற்றி மாற்றும். ஒரு பூட்டுக்கு ஒரு திறவுகோல் என்பது போன்றது அது. யூரியேசு என்னும் நொதி யூரியாவை மட்டும் பற்றி, அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கும். வாளவரை இனத்தைச் சேர்ந்த ஓர் அவரை விதையினின்று இந்நொதியை 1926ஆம் ஆண்டில் படிகமாகப் பிரித்தெடுத்தவர் ஜேம்ஸ் சம்னர். நொதிகள் புரதங்களே என்பது அதனால் துணிபாயிற்று.

பல பொருள்கள் கலந்த குருதியிலே ஒரு பொருளை மட்டும் இனங்கண்டு அளக்க, நொதியைவிடச் சிறந்த துணை வேறில்லை. ஆனால் நொதியை அப்படியே குருதித் துளியில் கலந்துவிட்டால், அது கரைந்து போய்விடும், மீண்டும் பயன்படாது. ஆகவே அதனை ஓரிடத்திற் கட்டி நிறுத்த வேண்டும். கட்டினாலும் அது தன் தொழிலை இழத்தல் ஆகாது. 1938ஆம் ஆண்டில் லாங்மியூரும் வின்சென்ட் ஷேபரும் யூரியேசு, பெப்சின் ஆகிய நொதிகளை ஒரு மூலக்கூற்றுப் படலமாகத் தகட்டின்மேல் ஏற்றி, அந்நிலையிலும் அவற்றின் செயல் எஞ்சியிருத்தலை ஆராய்ந்தனர். அடுக்களைத் தொட்டியில் தொடங்கிய கலை, உயிர்ப்பொருளைக் கட்டி நிறுத்தும் கலையாக வளர்ந்தது.

1962ஆம் ஆண்டில் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்சும் நொதியை மின்முனையோடு இணைத்துச் சருக்கரையை அளக்கும் வழியை வெளியிட்டனர். குளுக்கோஸ் ஆக்சிடேசு என்னும் நொதி சருக்கரையை மாற்றும்போது ஆக்சிசன் செலவாகின்றது. எவ்வளவு செலவாயிற்று என்பதை மின்முனை கூற, சருக்கரையின் அளவு தெரிகின்றது. இத்தகைய கருவிகளுக்கு உயிருணரிகள் என்று பெயர். 1969ஆம் ஆண்டில் யூரியேசைக் கட்டி நிறுத்தி யூரியாவை அளக்கும் மின்முனையும் அமைந்தது. சிறுநீரகம் பழுதுற்றோர் குருதியில் யூரியா மிகும். ஆகவே அதனை அளத்தல் மருத்துவர்க்கு இன்றியமையாதது.

நொதி நிற்கும் படலம் கனமாய் இருப்பின், அளக்க வேண்டிய பொருள் அதனுள் ஊடுருவிச் செல்ல நேரம் ஆகும்; கருவி தாழ்த்தே விடை கூறும். படலம் மிக மெல்லியதாயின் பொருள் நொதியை விரைந்து அடையும். செலவாகும் நொதியும் மிகச் சிறிது. இதுபற்றியே அறிஞர் பலர் லாங்மியூர், பிளாட்ஜெட் ஆகியோர் பெயரால் வழங்கும் படலங்களை நாடினர். நொதியை நேரே நீர்மேல் பரப்பினால், அதன் மடிப்புக் குலைந்து செயல் கெடுவதும் உண்டு. ஆகவே கொழுப்புப் படலத்தை மேலே பரப்பி, அடியிலுள்ள நீரில் நொதியைக் கரைத்து, அது படலத்தின் அடிப்புறத்தில் ஒட்டியபின் இரண்டையும் சேர்த்துத் தகட்டில் ஏற்றுவர். நம் நாட்டிலும் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தார், பாலியனிலீன் என்னும் மின்கடத்தும் பொருளின் இத்தகைய படலங்களைக் கொண்டு சருக்கரை உணரி அமைக்கும் ஆய்வை 1995ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இன்று கடைகளில் விற்கும் சருக்கரை அளவிகள் பொதுவாக இப்படலங்களால் ஆனவை அல்ல. வேறு எளிய முறைகளால் ஆனவை. ஆயினும் கட்டி நிறுத்திய நொதியே அவற்றிலும் அளக்கின்றது. மிக மெல்லிய படலங்களைப் பற்றிய ஆய்வோ இன்னும் தொடர்கின்றது.

மாணவர்களே, ஆக்னஸ் அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் அறிய வேண்டுவன இரண்டு. நாள்தோறும் காணும் எளிய பொருளையும் கூர்ந்து நோக்கி, அளந்து, குறித்து வைப்பவருக்கு இயற்கை தன் உண்மையைக் காட்டும் என்பது ஒன்று. வறிய கருவியும் வீட்டு வேலையும் அவருக்குத் தடையாகவில்லை. மற்றொன்று, கல்வியின் வாயிலை ஒருவர்க்கு அடைப்பதனால் நேரும் இழப்பு அவர் ஒருவரோடு நிற்பதன்று என்பது. பத்தாண்டுகள் அடுக்களையில் கிடந்த குறிப்புகள் ராலே பிரபுவின் நல்லுள்ளத்தால் உலகிற்குக் கிட்டின. கடிதம் எழுத வாய்ப்பின்றியும், எழுதிய கடிதத்தைப் படிப்பார் இன்றியும் மறைந்துபோன அறிவு எத்துணையோ! ஆதலின் நாம் கற்போமாக. கற்க விழையும் எவர்க்கும், ஆணாயினும் பெண்ணாயினும், வாயிலைத் திறந்து வைப்போமாக.